தற்றுணிபர் கேட்ட காரணம்

யுத்த காலத்தில் மன்னாரில் நாங்கள் எல்லாரும் பொலிசுக்குப் பயந்தோம். பொலிஸ் பயந்தது தற்றுணிபருக்கு மட்டும்தான்.

அவர் சட்டப் பேராசிரியர். பொலிசார் யாரைப் பிடிக்கிறார்கள், யாரை விடுகிறார்கள், பிடித்தவர்களில் யார்மீது வழக்குப் போடுகிறார்கள் என்று ஆராய்ச்சிப் புத்தகம் எழுத எங்கள் வீட்டு முன்னறைக்குக் குடிவந்திருந்தார். அப்படித் தாங்களே தீர்மானிக்கும் அதிகாரத்துக்குச் சட்டத் தமிழில் ‘தற்றுணிபு’ என்று பெயராம். வாய் திறந்தால் அந்தச் சொல்தான் என்பதால் அவர் பெயரும் அதுவே ஆயிற்று. ஆளைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள் என்பதை அறிய எங்களுக்கு ஒருமுறை பஸ் ஏறினால் போதும். அவருக்கு அதற்கு அடிக்குறிப்புகள் வேண்டியிருந்தன.

ஊருக்குள் வரும் பாலத்துச் சோதனைச் சாவடியில் நாங்கள் அடையாள அட்டையை நீட்டுவோம். அவர் கேள்வியை நீட்டுவார்.

“என்னை ஏன் மறிச்சனீங்கள்? அந்தா றோட்டைக் கடந்து போற கழுதையை ஏன் விட்டனீங்கள்?”

“கழுதைக்கு அடையாள அட்டை இல்லை மாத்தையா.”

“அப்ப அட்டை இல்லாட்டி விடுவியளோ?”

பஸ் வெயிலில் காயும். சனம் அவரைத் திட்டும். போகப்போக, அவர் தலை தெரிந்தாலே பொலிசார் பஸ்ஸைக் கையசைத்து அனுப்பிவிட்டார்கள். வங்காலை மீன்காரிகள் அவர் வரும் பஸ்ஸுக்காகவே காத்து நிற்கத் தொடங்கினார்கள். ஆராய்ச்சி நாசமாகிறது என்று அவர் மட்டும் குமுறினார்.

அவர் இல்லாத பஸ்ஸில் ஒருநாள் முருங்கனிலிருந்து வந்த என் அண்ணாவைப் பிடித்துவிட்டார்கள். அந்த நாட்களில் பிடிபட்டுப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை. அம்மா அழுதுகொண்டே பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார், நானும் ஓடினேன். தற்றுணிபரும் புறப்பட்டார். வரவேண்டாம் என்று நான் அவர் காலில் விழாத குறை.

பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவனை ஏன் பிடித்தீர்கள்? பக்கத்தில் இருந்தவனை ஏன் பிடிக்கவில்லை? சாட்சி எங்கே? வழக்குப் போடச்சொல்லி அரச சட்டத்தரணியிடம் எதைக் காட்டுவீர்கள்? அதிகாரியின் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. பின்னேரம் அதிகாரி எழுந்தே விட்டார்.

“ஐயோ மாத்தையா, பொடியனைக் கூட்டிக்கொண்டு போங்க!”

அண்ணா வெளியே வந்தான். தற்றுணிபர் கதிரையை விட்டு அசையவில்லை.

“என்ன காரணத்துக்காக விடுறீங்கள்? அதைச் சொல்லாமல் நாங்கள் போகேலாது.”

அதிகாரியின் பார்வை திரும்பவும் அண்ணா மேல் போனது. அம்மா பேராசிரியரின் கையைப் பிடித்து இழுத்தார்.

“சேர், மடு மாதாவாணை, வாயை மூடிக்கொண்டு வாங்கோ!”

ஓர் அத்தியாயமே பாழ் என்று அவர் வழி முழுக்க முணுமுணுத்தார். அண்ணாதான் கேட்டான்.

“உங்களையும் உள்ளுக்குப் போட்டிருப்பாங்கள், சேர். எனக்காக ஏன் வந்தனீங்கள்?”

ஊரையெல்லாம் காரணம் கேட்டுக் களைக்க வைத்த மனிதர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“அது... என்ர தற்றுணிபு.”

அந்தச் சொல் அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது. சொன்னவரையும்தான்.