மேட்டுப் பாதையில் என் மனைவி

என் மனைவியைச் சந்தேகப்படுவதில்லை என்று கல்யாணத்தன்று மனசுக்குள் ஒரு சபதம் எடுத்தேன். பல வருஷம் அது பாறை மாதிரி நின்றது. அவள் சாயங்கால நடைக்குக் கிளம்பிய வாரம் பொடிப்பொடியாகிவிட்டது.

எங்கள் ஊர்க்கோடியில் ஒரு குட்டிக் காடு இருக்கிறது. காடு என்றதும் புலி, கரடி என்று பயந்துவிடாதீர்கள். வேலி போட்டுக் காப்பாற்றுகிற மரக்கூட்டம், ஒரு குளம், ஒரு மேடு, வாசலில் ஒரு காவல்காரர், அவ்வளவுதான். ‘சத்தம் போடாதீர்கள்’ என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றை என் வீட்டில் மாட்ட எனக்குத் தைரியம் கிடையாது.

முதல் நாள் என்னையும் கூப்பிட்டாள்.

“வாங்களேன், சும்மா கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்.”

“நடக்கறது நடக்கட்டும். நான் நடக்க மாட்டேன்.”

என் சிலேடைக்கு நானே சிரித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்து வராத சிரிப்பு மரத்தைப் பார்த்து எப்படி வரும்?

“என்ன, ஒரே சந்தோஷம்?”

“காத்து நல்லா இருந்துச்சு.”

“வெறும் காத்துக்கா இவ்வளவு?”

“அங்க ஒருத்தர் வர்றாருங்க. என்ன சுறுசுறுப்பு! மேட்டுல விறுவிறுன்னு ஏறுறார். மூச்சே வாங்கல.”

“வயசு?”

“உங்க வயசுதான் இருக்கும். தொப்பைதான் இல்ல.”

நான் வீட்டுக்குக் கீழேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கிட்டப்பார்வை, தூரப்பார்வை எல்லாவற்றுக்கும் என்னிடம் கண்ணாடி உண்டு. சந்தேகப் பார்வைக்கு மட்டும் இல்லை. மறுநாள் ஒரு பெரியவரை உட்காரவைத்து, எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். “ஒண்ணுமே தெரியலையே” என்றார். எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. ‘தொப்பைதான் இல்ல’ என்று எழுதியிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். புத்தம் புதுசு. காட்டுக்குப் போகிறவளுக்குப் புதுப் புடவை எதற்கு? யாருக்குக் காட்டப் போகிறாள்?

கடையைப் பாதியில் சாத்தினேன். இருப்பதிலேயே பெரிய கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். தலையில் தொப்பி. அவள் தெருமுனை திரும்பட்டும் என்று காத்திருந்துவிட்டுப் பின்னாலேயே போனேன். காட்டு வாசலில் காவல்காரர் வழிமறித்தார்.

“பச்சைப் புடவை கட்டின ஒரு அம்மா உள்ள போனாங்களா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மேட்டுப் பாதையில போனாங்க சார். வேகமாப் போனாத்தான் பிடிக்கலாம்.”

வேகமாகப் போனேன். மரத்துக்கெல்லாம் வேர் இருந்தது. எனக்கு வேர்த்தது. எங்கே பார்த்தாலும் இலை. அவள் மட்டும் இல்லை. உச்சியில் ஒரு அணில் என்னைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் உனக்குத் தேவையா என்பதுபோல் வாலை ஆட்டியது. தடுக்கி விழாத குறையாக இறங்கிக் காவல்காரரிடம் வந்தேன்.

“அடடா, இப்பத்தான் சார் குளத்துப் பக்கம் திரும்பினாங்க!”

குளத்தைச் சுற்றினேன். கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. எனக்கு இரண்டு கால் இருந்தும் நிற்க முடியவில்லை. திரும்பி வாசலுக்கு வந்தால், “வீட்டுக்குக் கிளம்பிட்டாங்களே சார்” என்றார் காவல்காரர்.

எனக்கு முன்னால் அவள் வீடு போய்ச் சேர்ந்தால் மானம் போய்விடும். சந்துவழியாக ஓடினேன். அவள் கதவைத் திறந்தபோது நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டிருந்தேன்.

“ஏங்க இப்படி வேர்த்திருக்கு?”

“ஃபேன் சரியா ஓடல.”

“அது ஓடலைன்னா என்னங்க, நீங்க ஓடின மாதிரி இருக்கு.”

“உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்துக் கேக்கற கேள்வியா இது?”

இரண்டு மாசம் தினமும் இதே கூத்து. தினமும் வீட்டில் அந்த ஆளின் புராணம். இன்று அவர் இரண்டு தடவை மேடு ஏறினாராம். இன்று அவர் குளத்தைச் சுற்றியது குதிரை ஓடினதுபோல் இருந்ததாம். நானும் விடவில்லை. இரண்டு தடவை ஏறினேன். குதிரையாக ஓடினேன். ஆனால் மேட்டில் விறுவிறுவென்று ஏறுகிற ஆம்பிளை ஒருத்தனையும் காணோம், என்னைத் தவிர.

சோறு இறங்கவில்லை. இறங்கியதெல்லாம் பேண்ட்தான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டும் இடுப்பில் நிற்கவில்லை. கவலை ஒரு மனுஷனை இப்படியா உருக்கும்!

“ரொம்ப இளைச்சுட்டீங்க, டாக்டரம்மாகிட்ட போகலாம்” என்றாள். செய்வதையும் செய்துவிட்டு அக்கறை வேறு!

டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். எடை பார்த்தார். முடிவுகளைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

“சர்க்கரை நல்லாக் குறைஞ்சிருக்கு. ரத்த அழுத்தமும் சரியாயிடுச்சு. என்ன சார் பண்ணீங்க?”

பெண்டாட்டியை வேவு பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

“காட்டைச் சுத்துறார் டாக்டர்” என்றாள் என் மனைவி. “தினமும். ஓட்டமாவே.”

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“காவல் அறைக்குப் பின்னாடி ஒரு பெஞ்சு இருக்குங்க. அங்க உட்கார்ந்தா மேடு, குளம் எல்லாம் நல்லாத் தெரியும்.”

“நீ மேட்டுப் பாதையில போகலையா?”

“எனக்கு எதுக்குங்க மேடு? பெஞ்சு வரைக்கும் நடப்பேன். உட்காருவேன். காவல்காரர் எனக்குத் தூரத்துச் சித்தப்பா முறை, உங்களுக்குத்தான் தெரியாது. நான் சொல்றபடி உங்களைச் சுத்தவிடுவார்.”

“அப்போ அந்த ஆளு?”

“எந்த ஆளு?”

“மூச்சு வாங்காத ஆளு! தொப்பை இல்லாத ஆளு!”

“அவரா? முதல்ல அப்படி யாரும் இல்ல. இப்பத்தான் வந்திருக்கார்.” என் இடுப்பைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “மாடி ஏறி வந்தா நீங்க மூச்சு வாங்கறதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பயமா இருக்குங்க. நடங்கன்னா சிலேடை பேசுறீங்க. நான் வேற என்னதான் செய்ய?”

நெஞ்சு இளகியது. ஆனாலும் ஆம்பிளை ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே!

“இனிமே அந்தக் காட்டுப் பக்கம் நான் தலைவச்சுப் படுக்க மாட்டேன். இது சத்தியம்.”

“உங்க இஷ்டம்” என்றாள் சாதுவாக. “எனக்குத் துணை இருக்கு. மேல் மாடிக்குப் புதுசா ஒரு பாட்டு வாத்தியார் குடிவந்திருக்காரே, அவரும் நாளைக்கு வர்றேன்னார். தனி ஆளு பாவம். என்ன குரல்ங்க!”

தந்திரம் என்று எனக்கா தெரியாது? நன்றாகத் தெரியும். பொய் என்றும் தெரியும். ஒருவேளை பொய்யாக இல்லாவிட்டால் என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஷூ மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வாசலில் நின்றேன். நிஜமாகவே பாட்டு வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். என் மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டே கதவருகில் வந்து நின்றாள்.

“எனக்கு முட்டி பிடிச்சுக்கிச்சுங்க. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”