பட்டை வைத்த கறுப்பு ஷூ

"என்னய்யா இது கால்ல? ஸ்கூல் பொண்ணு மாதிரி!"

மேனேஜர் விரல் நீட்டியதும் தபால் பிரிவு குமாஸ்தாவும் தன் காலைக் குனிந்து பார்த்தார். பளபளவென்று கறுப்பு ஷூ. மேலே குறுக்காக ஒரு பட்டை, ஓரத்தில் பக்கிள். நாள் முழுக்கக் கடிதங்களில் முத்திரை குத்துகிறவர் என்பதால் ஆபீசில் அவர் பெயரே 'முத்திரை'.

"இடது கை ஒடஞ்சிருக்கே சார்!" மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "வீட்டுக்காரி விடியறதுக்குள்ள ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிடறா. லேஸ் கட்ட ஆளில்ல. இதுக்கு ஒத்தைக் கை போதும்."

"அதுக்காகப் பொம்பளை ஷூவா?"

"யார் சொன்னது? கடைக்காரர் சரித்திரமே சொன்னார் சார். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஆம்பளைப் பசங்களும் இதைத்தான் போட்டாங்களாம். ஏதோ கார்ட்டூன்ல ஒரு பொண்ணு போட்டிருந்தாளாம், அவ பேரே ஷூவுக்கு ஒட்டிக்கிச்சு. பக்கத்துல நின்ன பையன் கால்லயும் அதே ஷூதான்! அவனைத்தான் ஒருத்தரும் கண்டுக்கல."

மதியமே அறிவிப்புப் பலகையில் தாள் ஏறியது: 'இனி அனைவரும் லேஸ் கட்டும் ஷூ மட்டுமே அணிய வேண்டும்.'

முத்திரை அசரவில்லை. ஷூவின் சரித்திரத்தை இரண்டு பக்கம் எழுதி, ஆபீஸ் முத்திரையையும் குத்தி, அதன் பக்கத்திலேயே ஒட்டினார். மாலையில் மெமோ வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் லேஸ் ஷூ, இல்லையென்றால் சஸ்பெண்ட்.

மறுநாள் மேனேஜரின் கார் வந்தது. வழக்கம்போல் காவலாளி கார்க் கதவருகே மடங்கிக் குனிந்தார்.

"இருபது வருஷமா இப்படியொரு கும்பிடு! முதுகெலும்பை வீட்டுல கழட்டி வச்சுட்டு வருவார்போல" என்று முணுமுணுத்தார் முத்திரை. கடவுளைத் தவிர யாருக்கும் குனியக் கூடாது என்பது அவர் கொள்கை.

வேலை போய்விடக் கூடாதே என்று அன்று லேஸ் ஷூவில்தான் வந்திருந்தார், கட்டாமல். மாடிப்படியில் தன் லேஸைத் தானே மிதித்தார். கையிலிருந்த மைப்பெட்டி பறந்துபோய் மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தது.

"லேஸ் கட்டத் தெரியாதாய்யா உனக்கு?"

"தெரியும் சார், கைதான் இல்ல. உங்களுக்குத்தான் ரெண்டு கை இருக்கே, நீங்களே கட்டி விடுங்க!" காலை நீட்டியே விட்டார்.

மேனேஜரின் முகம் வெளுத்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சீட்டு கிழிஞ்சுது" என்றார்கள் எல்லோரும்.

வெள்ளிக்கிழமை முத்திரை பட்டை ஷூவையே மாட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வந்தார். 'அனைவரும்' என்ற சொல் தங்களையும் சேர்த்துத்தான் என்று புரிந்துகொண்ட கணக்குப் பிரிவுப் பெண்கள் நாலு பேரும் பட்டை ஷூவில் வந்து அவர் மேசைக்கருகே நின்றார்கள்.

"பண்ணட்டும் அண்ணே, எங்களையும் சேர்த்தே சஸ்பெண்ட் பண்ணட்டும்!"

பதினொரு மணிக்கு மேனேஜர் அறையிலிருந்து காவலாளி வந்தார். பெண்கள் நகரும்வரை காத்திருந்தார்.

"ஆர்டரா அண்ணே? குடுங்க, பயமில்ல" என்றார் முத்திரை.

காவலாளி அவர் காதருகே குனிந்தார்.

"ஆர்டர் இல்ல தம்பி. வெளிய சொல்லிடாதீங்க. ஐயாவுக்குச் சின்ன வயசுலேர்ந்தே முடிச்சு போட வராது. தினம் காலையில கார்கிட்ட நான்தான் லேஸ் கட்டி விடுவேன். இன்னியோட எனக்கு ரிட்டயர்மென்ட். அதான், அந்தக் கடை எங்க இருக்கு, ஒம்பதாம் நம்பர் கிடைக்குமான்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."