தொடாமலே கெடுப்பவர்

கம்ப்யூட்டரைக் கெடுப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வைரஸை எழுதுகிறவன் ஒருவன். அவன் எங்கேயோ முகம் தெரியாமல் இருக்கிறான், போகட்டும். இன்னொருவர் நம் வீட்டிலேயே, நம் காப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவருக்குத் 'தொடாதார்' என்று பெயர் வைத்திருக்கிறேன். திரை கறுத்து, பாஸ்வேர்டு செல்லாமல் போய், "உன் ஃபைல்கள் எங்கள் கையில்" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டல் வந்து நின்றதும், இவர் திருவாய் மலர்வது: "நான் ஒண்ணுமே தொடலையே!"

யாராவது கேட்டார்களா? இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை.

ஸ்ரீரங்கம் உத்திர வீதி ஆராவமுதன், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், இந்த இனத்தின் அசல் வாரிசு. அவர் மனைவி பத்மாசனி, ஐம்பது வயதுக்கு மேல் பிஎச்.டி.க்குப் பதிவு செய்து, கோயில் கல்வெட்டுகளில் வரும் பெண்களைப் பற்றி ஐந்து அத்தியாயங்கள் எழுதி முடித்திருந்தார். தை பிறந்ததும் கொடுத்தாக வேண்டும். ஐந்தும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. "பென் டிரைவ்ல போட்டா வைரஸ் வரும்" என்று தடுத்த மகானுபாவர் யாரென்று சொல்ல வேண்டுமா?

மிரட்டல் வந்ததும் தொடாதார் என்ன செய்தார்? தொட்டார். அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்துப் போட்டார், ஒயரைப் பிடுங்கிச் செருகினார், பழைய டிவியைத் தட்டிய பழக்கத்தில் பின்பக்கம் இரண்டு தட்டு தட்டினார், கடைசியில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைத் துணி உறை போட்டு மூடி, "அப்டேட் ஆயிண்டிருக்கு, தொந்தரவு பண்ணாதே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பினார். உறைக்குள் வைரஸ் நிம்மதியாக வேலை பார்த்தது.

மறுநாள் பத்மாசனி உறையைத் தூக்கினார். பாலக்கரையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆரிஃப் வரவழைக்கப்பட்டார்.

"சார், கடைசியா எதைத் திறந்தீங்க? சொன்னா எந்த வைரஸ்னு பார்த்துடலாம்."

"நான் ஒண்ணுமே தொடலையே. தானா வந்தது."

"தானா வராதுங்க சார்."

"வோல்டேஜ் ஏறி எறங்கித்து. பக்கத்தாத்துல வேற புதுசா வைஃபை போட்டிருக்கா."

பத்மாசனி குறுக்கே வந்தார். "ஏன்னா, நான் கோச்சுக்கலை. எதையாவது அமுக்கியிருந்தா சொல்லிடுங்கோ. என் உழைப்பெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

ஆராவமுதன் மின்விசிறியைப் பார்த்தார். மனைவியின் ஆராய்ச்சி பெரிதா, மேலாளரின் மானம் பெரிதா? கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் உறையை எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன்.

அப்போது அவருடைய போன் அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பத்மாசனியின் தம்பி கூப்பிட்டிருந்தான்.

"அத்திம்பேர்! சொர்க்கவாசலுக்கு முன்வரிசைப் பாஸ் இலவசம்னு அனுப்பினேளே, அதை அமுக்கினேன். என் கம்ப்யூட்டர் இருட்டாயிடுத்து!"

கோயில் மதிலுக்குள்ளேயே குடியிருப்பவர், வாசற்படி இறங்கினால் கோபுரம் தெரிகிறவர், வைகுண்ட ஏகாதசிக்கு இன்டர்நெட்டில் இடம் பிடித்திருக்கிறார்! புண்ணியத்தைத் தனியாக அனுபவிக்கக் கூடாதென்று சொந்தக்காரர்களுக்கும் பங்கு கொடுத்திருக்கிறார்.

ஆரிஃப் அந்தப் பாஸை வைத்து வைரஸைக் கண்டுபிடித்து, கம்ப்யூட்டரை எடுத்துப் போய்த் திறந்து கொண்டுவந்தார். மூன்று அத்தியாயங்கள் பிழைத்தன. இரண்டு போயின.

"வந்தவுடனே அணைச்சுட்டு எங்கிட்ட சொல்லியிருந்தா எல்லாமே தப்பிச்சிருக்கும்ங்க. ஓட விட்டதுல ஒவ்வொண்ணா பூட்டிக்கிட்டே போயிருக்கு."

"நான் அனுப்பினதோட சரி," என்றார் ஆராவமுதன். "தொடலை."

பத்மாசனி கணவரை நிதானமாகப் பார்த்தார். "சரி. அந்த ரெண்டு அத்தியாயத்தையும் திரும்ப எழுதி முடிக்கற வரைக்கும் நானும் அடுப்பைத் தொடலை."

இப்போது அந்த வீட்டில் ரசம் வைப்பவர் ஆராவமுதன். வாயில் வைக்க முடியாமல் உப்புக் கரித்தால், "நான் போடலையே" என்கிறார்.

இதைப் படித்ததும் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஞாபகம் வந்து, அவருக்கு இதை உடனே அனுப்ப வேண்டுமென்று கை பரபரக்கிறதல்லவா? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அவர் இதைப் படிக்கும்போது யார் ஞாபகம் வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அனுப்புங்கள்.