பதினோரு தடவை மூடிய வாசல்

ஒரு காட்டில், டோக்கன் இல்லாமல் யாரும் யாரையும் பார்க்க முடியாத காலத்தில், வேலாயுதம் என்ற முள்ளம்பன்றி மனைவி கோமதியோடும் மூன்று குட்டிகளோடும் நல்லதொரு வளையில் குடியிருந்தது. வளை வாசலுக்கு ஒரு தட்டைக் கல். வெளியே கிளம்பும்போது கல்லை இழுத்து வாசலை மூட வேண்டும். அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். பத்தடி நடந்ததும், மூடினோமா என்று வேலாயுதத்துக்கு ஒரு சந்தேகம் வரும். திரும்பி வந்து கல்லை விலக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி மூடும். மூடியதைத் தன் கண்ணாலேயே பார்த்தோம் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பத்தடி தாண்டினால் கால் தானாகத் திரும்பும். ஆரம்பத்தில் இரண்டு தடவை போதுமாக இருந்தது. பிறகு ஐந்து. சித்திரை மாதத்தில் அது பதினோரு தடவையில் வந்து நின்றது. பதினோரு தடவை பார்த்துவிட்டுக் கிழங்குக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், மற்ற முள்ளம்பன்றிகள் தின்று முடித்து ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும். வேலாயுதம் மிச்சம் கிடந்த தோலைப் பொறுக்கி வரும். குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

கோமதி சண்டை போடவில்லை. குட்டிகளை வரிசையாக நிறுத்தி ஒரு தடவை காட்டியது. "நீங்க டாக்டரப் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னது.

டாக்டர் ஒரு நாரை. ஆண்டுதோறும் வெளிநாடு போய் வருவதால் அவருக்குக் காட்டில் நல்ல பெயர். மற்ற நாரைகளும்தான் போய் வருகின்றன. அவை சொல்லிக்கொள்வதில்லை.

அவரைப் பார்க்குமுன் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதன் கடைசி வரியில், 'எழுதியதைச் சரிபார்த்தீர்களா?' என்று கேட்டிருந்தார்கள். அந்த வரியில் வேலாயுதம் மூன்று நாள் தங்கிவிட்டது.

மூன்றாம் நாள் சுடலைமுத்து என்ற கரடி வந்தது. தேன்கூட்டைக் கண்டால் யோசிக்காமல் கையை விடும் பழக்கத்தால் அதன் முகம் எப்போதும் வீங்கியே இருந்தது. டாக்டர் மேஜையில் மாம்பழம் இருப்பதை வாசலிலிருந்தே பார்த்துவிட்டு நேரே உள்ளே போய்த் தின்றது. கையிலிருந்த டோக்கனும் பழத்தோடு உள்ளே போய்விட்டதால் அதன் முறை எப்போது என்று யாருக்கும் விளங்கவில்லை. சிக்கல் வேண்டாம் என்று இரண்டையும் ஒன்றாகவே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் இரண்டு தலைகளையும் தட்டிப் பார்த்தார். மூளையின் அடியில் ஆசையும் பழக்கமும் குடியிருக்கின்றன என்றார். நெற்றிப் பக்கம் அவற்றை அடக்குகிற மேஸ்திரி ஒருவர் இருக்கிறாராம். முதலில் ஒன்றை இனிப்புக்காகச் செய்கிறோம், போகப்போக அரிப்பு அடங்குவதற்காகச் செய்கிறோம் என்றும் விளக்கினார். பிறகு கரடி பக்கம் திரும்பினார்.

"இவருக்கு மேஸ்திரி 'போதும்'னு சொன்னா கேக்கல. உனக்கு 'வேண்டாம்'னு சொல்றது, கைய விட்டப்புறம்தான் கேக்குது. ரெண்டு கோளாறும் ஒரே தெருவுலதான் இருக்கு."

வைத்தியம் எளிது. இரண்டையும் ஒரு நீளக் கொடியால் இடுப்போடு இடுப்பாகக் கட்டி, ஒரு மண்டலம் ஒன்றாகத் திரிய விட வேண்டும். கரடி கை நீட்டினால் முள்ளம்பன்றி முள்ளால் குத்தித் தடுக்கும். முள்ளம்பன்றி திரும்பினால் கரடி இழுத்துப் போகும். ஒரு மூளைக்கு இன்னொரு மூளை மேஸ்திரி.

நன்றாகத்தான் போயிற்று. முதல் நாள் பத்தடியில் வேலாயுதம் திரும்பிப் போக முயன்றது. சுடலைமுத்து எதையோ மோப்பம் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது. வேலாயுதத்துக்கு வேர்த்துக் கொட்டியது, முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. ஆனால் கிழங்குக் காட்டுக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை குட்டிகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு விக்கல் எடுத்தன. கோமதி பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தது. கரடியின் முகத்திலும் வீக்கம் வடிந்து, மூக்கு எங்கே இருக்கிறது என்பது தெரிய வந்தது.

இருபத்து மூன்றாம் நாள் கோமதி குட்டிகளை ஓடைக்குக் கூட்டிப் போயிருந்தது. வேலாயுதம் வாசலை மூடிவிட்டுக் கிளம்பியது. கரடி முதுகு சொறிய ஒரு மரத்தருகே நின்ற நேரம் பார்த்து, வேலாயுதம் கொடி எட்டும் தூரம் வரை ஓடிக் கல்லை விலக்கியது. உள்ளே எட்டிப் பார்த்தது. அந்த நேரம் காற்றில் தேன் வாசனை வந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்று சுடலைமுத்து ஓடியது. அண்ணாச்சியும் தரையில் இழுபட்டுப் பின்னால் போனது. கல் விலகியபடியே கிடந்தது.

திரும்பி வந்தபோது வளைக்குள் ஓர் உடும்பு கால் நீட்டிப் படுத்திருந்தது. திறந்து கிடக்கும் காலி வளையில் யாரும் குடியேறலாம் என்பது காட்டின் சட்டம். வேலாயுதம் காட்டு அலுவலகத்துக்குப் போய் ஆட்சேபணை மனு கேட்டது. மனுவில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'வாசலை மூடினீர்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?'

இந்தக் கேள்வியை வேலாயுதம் தன்னைத் தானே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறது. ஒரு தடவைகூட உறுதியாகப் பதில் வந்ததில்லை. அன்றைக்கும் வரவில்லை. மனுவை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தது.

குடும்பம் ஓர் உண்ணிச்செடிப் புதருக்குக் கீழே ஒதுங்கியது. மறுநாள் காலை வேலாயுதம் கிழங்குக் காட்டுக்குக் கிளம்பி, பத்தடியில் பழக்கப்படி நின்றது. காத்திருந்தது. கால் திரும்பவில்லை. மூடுவதற்கு வாசலே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உடம்பு பஞ்சுபோல ஆனது. அதற்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

டாக்டர் பரிசோதித்துவிட்டு 'பூரண குணம்' என்று எழுதிக் கொடியை அறுத்தார். அறுத்த கையோடு கரடி தேன்கூட்டைத் தேடி ஓடியது. அதன் சீட்டில் 'பாதி குணம்' என்று எழுதினார்.

வேலாயுதம் புதருக்கு வந்து படுத்தது. குட்டிகள் வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தன. கோமதி அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டு எண்ணிவிட்டு ஓடைப் பக்கம் நடந்தது. பத்தடியில் நின்றது. திரும்பி வந்து மறுபடி எண்ணியது. காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

"மூணுதான இருக்கு?" என்று வேலாயுதம் கேட்டது.

"தெரியும்" என்றது கோமதி. "கதவில்லாத இடம். தெரிஞ்சாலும் எண்ண வேண்டியிருக்கு."

"அது மூளைல ஒரு சின்னக் கோளாறு. டாக்டரே சொல்லியிருக்கார். நீ போய் ஒரு டோக்கன் வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு, வேலாயுதம் திரும்பிப் படுத்து நிம்மதியாகத் தூங்கியது.

நீதி: வீடு போனால் கதவைப் பற்றிய கவலையும் போய்விடும், மீதிக் கவலையை மனைவி பார்த்துக்கொள்வாள்.