பூச்சிக்கு எந்த ஊரு?

நம் தங்கவயலில் ஊர் விசாரிப்பவர் என்று ஒரு ரகம் மனிதர் உண்டு. பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள். நாலெழுத்துக்கு மேல் படிக்காமல், வெறுங்கையோடு சுரங்கத்தில் இறங்கி, இன்று பேத்தமங்களாவில் சொந்த நிலம் வைத்திருக்கும் நான் ஆளைப் பார்த்ததுமே ரகம் சொல்லிவிடுவேன். சோறு போட்டால் அரிசி எந்த ஊர் என்பார். தேள் கொட்டினால் கத்துவதற்கு முன்னால் அது எந்தப் பக்கத்துத் தேள் என்பார். நாமெல்லாம் ஆற்காட்டுப் பக்கமிருந்து இந்த மைசூர்ச் சீமைக்குப் பிழைக்க வந்தவர்கள். ஊர் கேட்பது பழக்கம்தான். அதற்காக அந்துப்பூச்சியைக் கூடவா?

சுரங்கத்தில் வேலை பார்க்கும் எங்கள் ஏனோக் கேட்டார். நல்ல மழை பெய்த மறுநாள் சாயங்காலம், என் நிலத்தை அடுத்துக் காராமணி போட்டிருந்த ரத்தினம்மா, தண்ணீர்த் தட்டின் நடுவில் விளக்கேற்றி வைத்தாள். வெள்ளை இறக்கைப் பூச்சிகள் தட்டு நிறைய விழுந்தன. இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சளாக முட்டை. அந்த இலைகளைக் கிள்ளி எரித்தால் தீர்ந்தது. ஷிப்டு முடிந்து வந்த ஏனோக் விடுவாரா? ஒரு பூச்சியைத் தூக்கி, முன்னும் பின்னும் புரட்டி, முகர்ந்துகூடப் பார்த்து, "எந்த ஊருன்னு தெரியாம கை வைக்காதம்மா. வைத்தியம் ஊருக்கு ஊரு வேற" என்றார். கோயிலில் பைபிள் வாசிக்கிற மனிதர். அவளும் நம்பிவிட்டாள்.

மறுநாளிலிருந்து வரப்பில் வழக்கு. பக்கத்து நிலத்துக் கன்னடக்காரர் கவுடர், இது தமிழ்ப் பக்கத்துச் சரக்கு என்றார். ஆற்காட்டுப் பூச்சிக்கு இவ்வளவு தின்னி புத்தி கிடையாது, இது மைசூர்ப் பூச்சி என்றார் ஏனோக். தீர்ப்பு வரும்வரை முட்டை காத்திருக்குமா? பொரித்தது. கம்பளிப்புழு இரண்டு பேர் காலுக்கும் நடுவே வரப்பைத் தாண்டி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பாராமல் மேய்ந்தது.

ரத்தினம்மா வந்து நின்று பார்த்தாள். "அண்ணே, அது எங்க பொறந்தா இன்னா? திங்கறது இங்கதான?" என்று கேட்டுவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். புழுவைப் பொறுக்கிப் பொறுக்கிக் குழியில் தள்ளி, பாதிக் காராமணியை மீட்டாள்.

ஏனோக் தோற்றாரா? மிஞ்சிய பாதியைச் சுற்றி வந்து, நெஞ்சை நிமிர்த்தி, "பாதியை வுட்டுட்டுப் போயிருக்குது பாருங்க. நம்ம ஆற்காட்டுதுதான்" என்றார்.

இதை நம் தங்கவயல் நந்திதுர்க்கில் சொன்னேன். இப்படிப்பட்ட ஆள் ஆண்டர்சன்பேட்டையில்தான் இருப்பான் என்று சிரித்தார்கள். ஆண்டர்சன்பேட்டையில் சொன்னேன். நந்திதுர்க்காரன்தானே என்றார்கள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஏனோக் எந்த ஊர்க்காரர் என்று என்னைக் கேட்க வாயெடுத்தீர்களே, அதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.