கிராம் சாரின் குளிர் பனியன்கள்

அருப்புக்கோட்டை வெயிலில் குளிருக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் கிராம் சார்தான். தலையில் சட்டி வைத்தால் சோறு வெந்துவிடும் சித்திரையிலும், சட்டைக்குள் முழுக்கை பாலியஸ்டர் பனியன் மாட்டிக்கொண்டு திருச்சுழி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவார். இருவருக்கும் ஒரே ஆபீஸ். எதைக் கண்டாலும் "எத்தன கிராமு?" என்று கேட்பதால் வந்த பெயர் அது. நிஜப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

எல்லாம் அவர் மனைவி சரோஜாக்காவுக்காக. டிவியில் பனிமலையைப் பார்த்துவிட்டு, "சாகுறதுக்குள்ள ஒரு தடவ அத மிதிச்சுப் பாத்திரணும்ங்க" என்று கேட்டிருக்கிறார். மதுரையிலிருந்து ஒரு குழு வருடாவருடம் இமயமலைக்கு ஆட்களை நடக்கக் கூட்டிப் போகிறது. கிராம் சார் உடனே சம்மதித்தார். உள்ளே போடும் பனியனை மட்டும் முடிவு செய்துவிட்டால் புறப்பட வேண்டியதுதான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். மெல்லிசு பனியன் எடை குறைவு, ஆனால் குளிர் தாங்குமா? உள்பக்கம் பூனைமுடிபோல் மெத்தென்று இருப்பது கதகதப்பு, ஆனால் கனம். ஆன்லைனில் வரவழைத்ததையெல்லாம் பூமார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் மல்லிகைத் தராசில் வைப்பார். "அண்ணாச்சி, பூ வாடுது, ஒங்க பனியன எடுங்க" என்று வியாபாரி கத்துவார்.

ஒருநாள் பஸ்ஸில், "பருத்தி வேர்வையக் குடிச்சிட்டு ஈரமாவே கெடக்கும். மலையில அதப் போட்டா வெறச்சுத்தான் போகணும்" என்று உரக்கச் சொல்லிவிட்டார். நெசவாளர்கள் நிறைந்த பஸ். அடி விழாமல் தப்பியது கண்டக்டர் புண்ணியம்.

கதகதப்பை எங்கே சோதிப்பது? எங்கள் ஊரில் குளிர் இருப்பது ஏடிஎம் அறையில்தான். சேலைக்குள் பனியனோடு சரோஜாக்காவை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்.

"குளிருதா?"

"வேர்க்குதுங்க."

"அப்ப இது ஆகாது. மலையில வேர்த்தா ஆபத்து."

காவலாளி எட்டிப் பார்த்தார். "சார், பணம் எடுக்க வந்தீகளா, குடியிருக்க வந்தீகளா?"

ஒவ்வொரு வருடமும் குழு புறப்பட்டுப் போனது, இவர் இன்னொரு பனியன் வரவழைத்தார். சரோஜாக்கா ஒருநாளும் கோபிக்கவில்லை. "அடுத்த வருசம் போவோம். இவுகளுக்கு மனசு ஒப்பணும்ல" என்பார். யாராவது கிராம் சாரைக் கழுத்தைப் பிடித்து ரயிலேற்றியிருக்கக் கூடாதா என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

போன வருடம் ஒருவழியாக முடிவெடுத்தார். மெல்லிசு உள்ளே, கனமானது மேலே, வேர்த்தால் மேலே உள்ளதைக் கழற்றிவிடலாம். இதற்கா இத்தனை வருடம் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அதே மாதம், சரோஜாக்காவின் மூட்டு தேய்ந்துவிட்டது, இனி மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சரோஜாக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி. இவுக மட்டுமாவது போயிட்டு வரட்டும். அம்புட்டு ஆசையா வாங்கி வச்சிருக்காக."

நானும் சொன்னேன். கிராம் சார் பனியன்களை மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"எனக்கு எதுக்குப்பா பனி? மிதிச்சுப் பாக்கணும்னு கேட்டது அவதான."

நான்கு வார்த்தை நன்றாகத் திட்டத்தான் போயிருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.