விசில் பாயின் வெந்நீர்த் தொட்டி

முத்துப்பேட்டையில் தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவர்கள் யாரும் கிடையாது. கடல், அலையாத்திக் காடு, வாய்க்கால் என்று எல்லாவற்றிலும் இறங்கிப் பார்த்த ஊர். அப்படிப்பட்ட ஊரில், இடுப்பளவு வெந்நீருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதிய ஒரே மனிதர் எங்கள் ஹவுஸ் ஓனர்தான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊருக்கு அவர் விசில் பாய்.

துபாயில் ஒரு ஹோட்டலில் நீச்சல் குளத்தையும், அதை ஒட்டியிருந்த வெந்நீர்த் தொட்டியையும் இருபத்திரண்டு வருஷம் காவல் காத்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து ஒரு மாதம் இருப்பார். ஒருநாள் வீடியோ காலில் அந்தத் தொட்டியைக் காட்டியிருக்கிறார். அவர் மனைவி ஜொஹரா அக்கா பார்த்துவிட்டு, "மச்சான், எம் முட்டிக்கு இதுல ஒரு தடவ கால நீட்டி உக்காந்தா போதும்" என்றாராம். நாலு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்துத் தேய்ந்த முட்டி அது. வேலையை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய மூன்றாம் மாதம், ஹோட்டல் கழித்துப்போட்ட தொட்டி ஒன்று கண்டெய்னரில் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பள்ளிக்கூட டீச்சர். மினி லாரியிலிருந்து எட்டுப் பேர் தொட்டியை இறக்கியதைப் பால்கனியில் நின்று பார்த்தேன். தெருவே கூடிவிட்டது. "என்ன பாய், வீட்டுலயே எறா வளக்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"மனுஷன் உக்கார்ற தொட்டிங்க இது" என்றார் பாய்.

"உக்காந்து?"

"சும்மா உக்கார்றதுதான்."

சும்மா உட்காருவதற்கு எட்டு ஆள் கூலியா என்று கூட்டம் யோசித்தபடியே கலைந்தது.

கொல்லையில் தகர மறைப்பு கட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் குழி வெட்டி, கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்றையும் பாய் மாட்டினார். அதைத் தினமும் சோதிக்க வேண்டுமாம். எலெக்ட்ரீஷியன் அதை மொத்த வீட்டுக்கும் சேர்த்து மாட்டிவிட்டதால், காலை ஏழரைக்குப் பாய் பட்டனை அழுத்தினால் கீழே கிரைண்டர் நிற்கும், மேலே என் அயர்ன் பாக்ஸ் அணையும். பாதிச் சுருக்கத்தோடு நான் பள்ளிக்கூடம் போன நாள்கள் எத்தனையோ.

"பாய், இன்னிக்கி ஒரு நாள் விட்டுடக் கூடாதா?"

"தண்ணியும் கரண்டும் லீவு எடுக்காது டீச்சர்."

முதல் நாள் தண்ணீர் நிரப்பி, குளோரின் போட்டு, சூடு பார்த்தாகிவிட்டது. "முப்பத்தெட்டு போதும். நாப்பதத் தாண்டுனா அதுக்குப் பேரு குளியல் இல்ல, சமையல்" என்பது பாயின் சட்டம். ஜொஹரா அக்கா துண்டோடு வந்து நின்றார். பாய் ஹோட்டல் வழக்கப்படி பிரஷர் மெஷினை எடுத்து மனைவியின் கையில் சுற்றினார். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்தார். கழற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பார்த்தார். பிறகு தொட்டியின் மூடியை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டார்.

"பிரஷர் இவ்ளோ வச்சுக்கிட்டு எறங்குனா தல சுத்தும், மயக்கம் வரும். டாக்டர் சொல்லட்டும், அப்பறம் எறங்கலாம்."

"எனக்குன்னுதான வாங்குனீங்க?"

"அதனாலதான் சொல்றேன்."

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், பிரஷர் இறங்கும்வரை வெந்நீர் வேண்டாம் என்றார். இப்படியாக, யாருக்காகக் கப்பலேறி வந்ததோ அவரைத் தவிர ஊரே அந்தத் தொட்டியில் இறங்கியது. கால்வலிக்காரர்கள், முதுகுவலிக்காரர்கள், வலி ஒன்றுமில்லாமல் வேடிக்கைக்கு வந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பாயின் கெடுபிடிதான். குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். சாப்பிட்ட கையோடு வரக் கூடாது. தனியாக இறங்கவே கூடாது. பதினைந்தாவது நிமிஷம் விசில். ஊதிய பிறகும் உட்கார்ந்திருந்தவர் பேரூராட்சித் தலைவராகவே இருந்தாலும் காதருகே வந்து இன்னொன்று ஊதுவார்.

ரைஸ் மில்காரர் கதையைச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். ஒரு சனிக்கிழமை, பாய் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய், கையில் ஒரு கிண்ணம் சீயக்காய். துணைக்கு வந்த மச்சினர், தண்ணீரைக் குமிழியாகக் கொப்பளிக்க வைக்கும் பட்டனை அமுக்கிவிட்டார். எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து எழுந்த நுரை தகர மறைப்பைத் தாண்டிப் பப்பாளி மரத்தடிக்கு வந்தது. நடுவில் மில்காரரின் தலை மட்டும் தெரிந்தது. பாய் திரும்பி வந்து பார்த்துவிட்டு விசிலைக்கூட ஊத மறந்து நின்றார்.

"பாய், கோச்சுக்காதீங்க. சனிக்கெழமையும் அதுவுமா வெந்நியக் கண்டுட்டு எண்ண தேய்க்காம எப்புடிங்க எறங்குறது?"

தொட்டியின் பில்டரைக் கழுவ இரண்டு நாள் ஆயிற்று. மில்காரரும் கூட உட்கார்ந்து கழுவினார்.

புதன்கிழமை பெண்கள் முறை. பாய் உள்ளே வர முடியாதே, அதனால் விசில் ஜொஹரா அக்கா கழுத்துக்குப் போனது. தொட்டிக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எங்களையெல்லாம் காவல் காப்பார். "கொண்டய இறுக்கி முடிங்க டீச்சர், தண்ணி உறிஞ்சுற ஓட்டையில முடி மாட்டுனா தலயவே இழுத்துடும்" என்பார். ஒருநாள் நான் சுகத்தில் கிறங்கிப் போய்ச் சட்டென்று எழுந்தபோது கண் இருட்டியது. முட்டி வலியை மறந்து ஓடிவந்து என் தோளைப் பிடித்தவர் அவர்தான். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு, ஒரு விரலை மட்டும் தொட்டிக்குள் விட்டு எடுத்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குப் பாய் மேல் அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

உப்பைக் குறைக்கப் போய்க் கருவாடு நின்றுபோன கதையும் உண்டு. முத்துப்பேட்டைக்காரியைக் கருவாட்டை விடச் சொல்வது லேசான காரியமா? ஜொஹரா அக்கா பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் மெதுவாக மாடியேறி, என் அடுப்பில் நெத்திலிக் கருவாட்டை வறுத்துச் சாப்பிட்டார். நானும் உடந்தை. வாசனை கீழே போகாமலிருக்க ஊதுபத்தி வேறு கொளுத்தினேன். பாய் படியேறி வந்து வாசலில் நின்று தட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம். அப்படியே இறங்கிப் போய்விட்டார். அன்று மத்தியானத்திலிருந்து அவரும் கருவாட்டைத் தொடவில்லை. நாலாம் நாள் அக்கா என்னிடம், "இந்த மனுசன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எனக்கும் கருவாடு எறங்க மாட்டேங்குது டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு மாடியில் ஊதுபத்திக்கு வேலை இல்லை.

ஐந்து மாதம் கழித்து டாக்டர் சம்மதித்தார். சூடு குறைவாக, பத்தே நிமிஷம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பாய் பழைய தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, புதுத் தண்ணீர் நிரப்பி, சூட்டை முப்பத்தாறுக்கு இறக்கினார். என்னைக் கூப்பிட்டார். "நீங்களும் இருங்க டீச்சர். எனக்குக் கை வழுக்கிடுச்சுன்னா யாரு புடிக்கிறது?"

ஜொஹரா அக்கா நைட்டியோடு, பாயின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். உட்கார்ந்தார். காலை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். பாய் கடிகாரத்தைப் பார்ப்பதும் மனைவியின் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். பத்து நிமிஷம் முடிந்தது.

"போதும் ஜொஹரா. மெதுவா எந்திரி."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "இருவத்திரெண்டு வருசத்துக்குப் பத்து நிமிசமா மச்சான்?"

பாய் குனிந்து கையை நீட்டினார். "நாளைக்கும் பத்து நிமிசம் இருக்கு. நாளன்னைக்கும் இருக்கு. நாந்தான் இனிமே எங்கயும் போகலயே."

அக்கா அந்தக் கையைப் பிடித்து எழுந்தார். நான் துண்டை அவரிடம் நீட்டியிருக்க வேண்டும். அதில் என் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஜூன் மாதம் எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மாற்றல் வந்தது. அங்கேயே வீடு பார்த்துக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் இந்த மாடியிலிருந்தே தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருக்கிறேன்.